சித்தன்னவாசலுக்குச் சைக்கிளில்

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் சித்திரம் பார்க்கப் போவார்கள். நாம் போனது சாலையைப் பார்க்க. புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்தக் குன்றுக்கு மோட்டாரில் போனால் அரை மணி நேரப் பிரயாணம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் பெட்டியை முடுக்கிவிட்டால், இடையில் சாலை என்று ஒன்று இருந்ததா என்பதே ஞாபகம் இராது. நமக்கோ அந்தச் சாலையின் ஒவ்வொரு முழமும் இப்போது மனப்பாடம். ஏனெனில் நாம் அதைச் சைக்கிளில் கடந்தோம். அதிலும் ஒரு முழத்தை முழங்காலால் கடந்தோம்.

நாற்பத்து நான்கு வயதில், கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு இந்த யோகம் எப்படி வாய்த்தது என்று நேயர்கள் கேட்கலாம். சொல்கிறோம்.

நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம் படிக்கும் பெண் ஒருத்தி. அவள் பெயர் இங்கே வேண்டாம். ஊரின் பெயரும் வேண்டாம். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் போகும் வழியில், ஒன்பதாவது கிலோமீட்டரில் பிரிந்து உள்ளே போகும் ஒரு சிற்றூர் என்று சொன்னால் போதும். அங்கிருந்து தினந்தோறும் சைக்கிளில் வருகிறவள். சைக்கிள், சர்க்கார் கொடுத்தது. 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த இலவசச் சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளுக்குள் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்ததை நேயர்கள் அறிவார்கள். அந்தச் சைக்கிள் வந்த பிறகுதான் அவள் ஊரிலிருந்து பெண்கள் மேல்வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள். காலையில் அவ்வூருக்குப் பஸ் இரண்டு. ஒன்று கோழி கூவும்போது போய்விடும்; மற்றொன்று முதல் பாட வேளை முடியும்போது வரும்.

சென்ற கார்த்திகைக் கடைசியில், அரையாண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டதே என்று, சாயங்காலம் 4-30 முதல் 5-45 வரை நாம் விசேஷ வகுப்பு வைத்தோம். விசை, வேகம், முடுக்கம் என்று கரும்பலகை நிறைய எழுதினோம். பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும் வேளையில் வானத்தில் எவ்வளவு வெளிச்சம் மிச்சம் இருக்கிறது என்று மட்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவில்லை. டிசம்பர் மாதத்தில் இந்தப் பக்கத்தில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறான். அந்தப் பெண் ஊரை நெருங்கும்போது நல்ல இருட்டு. பின்னால் வந்த ஒரு சரக்கு வண்டி அவளுடைய ஹாண்டில் நுனியைத் தட்டிவிட்டு நிற்காமலே போய்விட்டது. பெண் சாலையோரத்து ஜல்லியில் விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வண்டி ஒரு சாண் இடப்புறம் விலகி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் எழுத விரும்பவில்லை. பல இரவுகள் நினைத்துப் பார்த்தாயிற்று.

ஆறு ஆரஞ்சுப் பழங்களை வாங்கிக்கொண்டு பெண்ணைப் பார்க்கப் போனோம். அவள் தகப்பனார் தொழுவத்தைச் சுட்டிக் காட்டினார். சைக்கிளை உத்தரத்தில் தாம்புக்கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“பரீட்சையை மட்டும் எழுதட்டும், ஸார். அது முடிஞ்சா படிப்பும் போதும், சைக்கிளும் போதும்.”

நாம் உபாத்தியாயர் அல்லவா? உடனே உபதேசம் செய்தோம். “அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. இனிமேல் அவள் ஜாக்கிரதையாகப் போவாள்” என்றோம்.

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பின்னால் பால் கேன் கட்டிக்கொண்டு விடியற்காலையில் அதே சாலையில் டவுனுக்குப் போய் வருகிற மனிதர் அவர். மற்றப் பால்காரர்கள் மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள், அவர் மாறவில்லை.

“ஜாக்கிரதைன்னா எப்படி, ஸார்? நீங்க ஒரு நாள் அந்த ரோட்டிலே சைக்கிள்ல வந்து பாருங்க. பார்த்துட்டு, போகலாம்னு நீங்க சொன்னா அவிழ்த்துவிடறேன்.”

இதுதான் நமது சித்தன்னவாசல் யாத்திரையின் மூல காரணம்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூடத்து இரவுக் காவல்காரரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, தலைக்கவசமும் தரித்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்குச் சமீபத்தில் போய் நின்றோம். பால்காரர் கேன்களைக் காலி செய்துவிட்டு வந்தார். நமது தலைக்கவசத்தைக் கண்டு ஒரு புன்னகை செய்தார். பிறகு நம்மை விட்டுவிட்டுச் சைக்கிளைப் பரீட்சித்தார். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். டயரைக் கட்டை விரலால் அமுக்கினார். இரண்டு பிரேக்குகளையும் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளினார். பின் சக்கரம் தாராளமாக உருண்டது.

“இதிலே ஏறி வந்தீங்கன்னா, அப்புறம் நான் உங்களுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வரணும், ஸார்” என்றார்.

பக்கத்துச் சைக்கிள் கடையில் இரண்டு பிரேக் கட்டைகள் மாற்றினோம். கால் மணி நேரமும் அற்பச் செலவுமே ஆயின. இந்தக் கால் மணி நேரத்தை நம் வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் கடைசியாக எப்போது செலவிட்டோம் என்று நேயர்கள் யோசித்துப் பார்க்கட்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழக வேண்டும் என்றும், மழையில் நனைந்த சக்கரம் பிரேக்குக்கு மெதுவாகத்தான் வசப்படும் என்றும் கடைக்காரர் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு சிறு சரித்திரம். ஒரு காலத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய முன் சக்கரமும், அதன் பின்னால் ஒரு குட்டிச் சக்கரமுமாகச் சைக்கிள்கள் இருந்தன. கல் ஒன்று தட்டினால் போதும், ஏறினவர் தலைகீழாக முன்னே போய் விழுவார். 1885-ல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்களும், பின் சக்கரத்துக்குச் சங்கிலியும் வைத்து ஒரு வண்டியைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். அந்த மாதிரி வண்டிக்கு ‘சேஃப்டி’, அதாவது பத்திர வண்டி, என்றே பெயர். நாம் இன்று ஏறுவது அந்த வண்டியின் வம்சம். வண்டியைப் பத்திரமாக்கும் வேலை 1885-லேயே பெரும்பாலும் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது சாலைதான்.

பஸ் நிலையத்தைக் கடக்கும்போதே முதல் பாடம் கிடைத்தது. புறப்பட்டு வெளியே வந்த ஒரு பஸ்ஸின் இடப்புறத்தில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், நாம் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தோம். பால்காரர் பின்னாலிருந்து “ஸார், நில்லுங்க!” என்று கத்தினார். நின்றோம். பஸ் இடப்புறம் திரும்பியது. நாம் இருந்திருக்க வேண்டிய இடத்தின் மேல் அதன் பின் சக்கரம் ஏறிச் சென்றது. நீளமான வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போவதில்லை. உட்புறமாகக் குறுக்கே வருகிறது. இதைப் பௌதிக உபாத்தியாயர் அறியாதவர் அல்ல. ஆனால் அறிந்தது வேறு, சைக்கிளின் மேல் ஞாபகம் வருவது வேறு. “அவர் கண்ணாடியிலே அவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, உங்க முகம் அவருக்குத் தெரியலை” என்றார் பால்காரர். இதைவிடச் சுருக்கமாக நாம் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை.

கடைவீதியில் நிறுத்தியிருந்த கார்களை ஒட்டிப் போகாமல், ஒரு கை நீளம் தள்ளியே போனார். ஏன் என்று கேட்க வாயெடுப்பதற்குள் ஒரு கார்க் கதவு படீரென்று திறந்தது. ஒரு கனவான் தினசரிப் பத்திரிகையோடு இறங்கினார். அந்தக் கதவு யாரையும் தொடவில்லை. கேள்வியும் தேவைப்படவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டியதும் காட்சி மாறிற்று. செம்மண் பூமி, அங்கங்கே முந்திரித் தோப்பு, வரிசை வரிசையாகத் தைல மரம், நீர் வற்றத் தொடங்கிய கண்மாய்களில் கொக்குகள். மார்கழிப் பனி இன்னும் முழுவதும் விலகவில்லை. இவ்வளவு அழகையும் இத்தனை வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தவறவிட்டோமே என்று மனம் நெகிழ்ந்த சமயத்தில், பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

நாம் செய்ததை நேயர்களில் பலரும் செய்திருப்பார்கள். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தோம். தலை திரும்பிய பக்கத்துக்கு ஹாண்டிலும் திரும்பிற்று. சாலையின் நடுப்பக்கமாகப் போகிறோம் என்று கண்டதும் வெடுக்கென்று இடப்புறம் ஒடித்தோம். அங்கே தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் பள்ளம். முன் சக்கரம் அதில் இறங்கிற்று. நாம் இறங்கவில்லை, விழுந்தோம். லாரி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் காற்றை வாரி அடித்துக்கொண்டு போய்விட்டது.

முழங்காலில் தோல் போயிற்று. தலை தரையில் படவில்லை. படவில்லை என்பதற்காகத் தலைக்கவசம் வீண் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பால்காரரும் அதற்குப் பிறகு அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவர் நம்மைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சொன்னது இது: “ஓரத்தோட ஓரமா ஒட்டிக்கிட்டுப் போனா, ஒதுங்க இடம் இருக்காது ஸார். விளிம்புக்கு ஒண்ணரை முழம் உள்ளே, கோடு போட்ட மாதிரி நேராப் போங்க. பின்னாலே வர்றவனுக்கு நீங்க எங்கே போகப் போறீங்கன்னு தெரியணும். ஹாரன் அடிச்சா திரும்பாதீங்க. இறங்கித்தான் ஆகணும்னா வேகத்தைக் குறைச்சு, நின்னு இறங்குங்க.”

அதன் பிறகு ஒரு கிலோமீட்டர் தூரம், ஹாண்டிலை அசைக்காமல் வலது தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் வித்தையை ஆளில்லாத இடத்தில் அவர் நமக்குக் கற்றுக் கொடுத்தார். நாற்பத்து நான்கு வயதில் கற்றுக்கொள்ள இரண்டு கிலோமீட்டர் ஆயிற்று. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதை யார் கற்றுக் கொடுத்தார்கள்? சர்க்கார் சைக்கிள் கொடுத்தது. பெற்றோர் மிதிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். நாம் பௌதிகம் கற்றுக் கொடுத்தோம். சாலையை ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லை.

வழியில் இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொண்டோம். ஓரிடத்தில் பாதிச் சாலையில் உளுந்துச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள். சைக்கிள்காரர் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறார். மற்றோரிடத்தில் வளைவில் புதர் மண்டி எதிரே வருவது தெரியவில்லை. மூன்றாவதைக் கண்டுபிடித்தது நாமே. அந்த ஊர்ப் பிள்ளைகள் காலை எட்டு மணிக்குத் தென்கிழக்கு நோக்கி டவுனுக்கு வருகிறார்கள். மார்கழியில் அந்த நேரத்துச் சூரியன் நேரே அந்தத் திசையில்தான் தாழ்வாக நிற்கிறான். பிள்ளைகளின் கண் கூசுவது இருக்கட்டும். அவர்களுக்குப் பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணும் கூசுகிறது. வெளிச்சம் நிறைந்த காலை வேளையிலும் அந்தப் பிள்ளைகள் அவருக்கு ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரிவார்கள்.

பால்காரர் ஊருக்குப் பிரியும் பாதையைத் தாண்டி, ஏன் சித்தன்னவாசல் வரைக்கும் போனோம் என்றால், அது அவருடைய யோசனை. “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. ஏழடிப்பட்டத்தைப் பார்த்துட்டு வந்துடலாம். சின்ன வயசிலே அங்கேதான் ஆடு மேய்ச்சேன்” என்றார்.

குன்றின் ஒரு புறத்தில் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரை. அதன் விதானத்தில்தான் உலகப் புகழ் பெற்ற தாமரைக் குளம். மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் மனிதரும் அந்த ஒரே குளத்தில் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கிறார்கள். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்கேயுள்ள கல்வெட்டு சொல்கிறது. சித்திரங்கள் பெரிதும் மங்கிவிட்டன. ஆயினும் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏழடிப்பட்டம் இதைவிடப் பழையது. குன்றின் மேலே ஏறி, மறுபக்கத்துச் சரிவில் பாறையோரமாகவே போக வேண்டும். ஒரு புறம் பாறை. மறு புறம் கீழே பொட்டல் வெளி. சரிவில் ஏழு குழிகளை அடிவைக்கும் படிகளாக வெட்டியிருப்பதால் அந்தப் பெயர். அவற்றைக் கடந்தால் ஒரு குகை. அதில் சமண முனிவர்களுக்காக வழவழப்பாக இழைத்த பதினேழு கற்படுக்கைகள். ஒரு படுக்கையின் ஓரத்தில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்து இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். பிற்காலத்தில் சரிவில் இரும்புக் கைப்பிடியும் போட்டிருக்கிறார்கள்.

புண்ணான முழங்காலோடு அந்தக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நாம் போனோம். குகை வாசலில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது பால்காரர் அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பாறையிலே படி வெட்டி வச்சுட்டுப் போயிருக்கான், ஸார். ‘பார்த்துப் போங்க’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போகலை.”

அவர் நம்மைக் குத்திக் காட்டச் சொன்னாரா, தற்செயலாகச் சொன்னாரா என்பது தெரியவில்லை. ஆனால் எலுமிச்சஞ் சாதம் தொண்டையில் சற்று நின்றது.

அப்போது அவருக்கு நெதர்லாந்து தேசத்தின் கதையைச் சொன்னோம். இன்று உலகத்திலேயே சைக்கிளுக்குப் பெயர் போன நாடு அது. ஆனால் 1971-ஆம் ஆண்டில் அந்தச் சிறிய தேசத்தின் சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகை எழுத்தாளர் 1972-ல் எழுதிய கட்டுரைக்குக் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்று தலைப்பிட்டார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்துக்குப் பெயராயிற்று. தாய் தகப்பன்மார் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளின் சைக்கிளை உத்தரத்தில் கட்டவில்லை. பிள்ளைகளுக்குப் பத்திரமான பாதை கேட்டார்கள். ஒரே நாளில் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் பிடித்தன. இன்று அங்கே சைக்கிளுக்கென்றே முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தனிப் பாதை இருக்கிறது.

பால்காரர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “நானூறு பிள்ளைங்களா, ஸார்?” என்று மட்டும் கேட்டார்.

பிற்பகல் திரும்பி அவருடைய ஊருக்கு வந்தோம். இருட்டும் வரையில் காத்திருந்து ஒரு பரீட்சை செய்தோம். பால்காரரின் தம்பி தமது மோட்டார் சைக்கிளை ஊர்ப் பாதையில் நிறுத்தி முன் விளக்கைப் போட்டார். உத்தரத்திலிருந்து இறக்கிய சைக்கிளைப் பால்காரர் உருட்டிக்கொண்டு விளக்குக்கு நேரே நடந்தார். அதன் பின் பக்கத்துச் சிவப்பு வில்லை எப்போதோ உடைந்து போயிருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அடிகளை எண்ணினாள். நாற்பதாவது அடியில் தகப்பனார் இருட்டோடு இருட்டாகிவிட்டார்.

இரண்டாம் முறை, நாம் டவுனிலிருந்து வாங்கிப் போயிருந்த சிவப்பு வில்லையைப் பின் மட்கார்டிலும், மஞ்சள் வில்லைகளைப் பெடலிலும் பொருத்தினோம். பால்காரரின் மகன் சைக்கிளில் ஏறி மிதித்துச் சென்றான். நூறு அடிக்கு அப்பாலும் ஒரு சிவப்புப் பொட்டும், அதன் இரு புறத்திலும் ஏறி இறங்கும் இரண்டு மஞ்சள் பொட்டுகளும் தெளிவாகத் தெரிந்தன. ஏறி இறங்குவதைக் கண்டதுமே அது சைக்கிள் என்று மனசு சொல்லிவிடுகிறது.

“நாற்பது அடி எத்தனை மீட்டர்?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டோம்.

“அடிக்கு முக்கால் மீட்டர் வச்சுக்கிட்டா, முப்பது மீட்டர், ஸார்.”

“மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் எவ்வளவு தூரம் போகும்?”

அவள் இடது கையால் மண்ணில் கணக்குப் போட்டாள். “பதினேழு மீட்டர், ஸார்.”

“ஓட்டுநர் கண்டு, காலை எடுத்துப் பிரேக்கில் வைக்க ஒரு விநாடி. அதிலேயே பதினேழு மீட்டர் போய்விட்டது. பிடித்த பிறகு வண்டி நிற்க, நல்ல தார்ச் சாலையிலும் இன்னும் இருபது மீட்டர். மொத்தம்?”

“முப்பத்தேழு.” சற்று நிறுத்தினாள். “நமக்கு முப்பதுதான் இருந்துச்சு, ஸார்.”

அந்தக் கணக்கை நாம் கார்த்திகை மாதத்து விசேஷ வகுப்பிலேயே கரும்பலகையில் போட்டிருந்தோம். அங்கே அது ‘ஒரு பொருள்’ என்று இருந்தது. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்றும் எழுதிப் போட்டோம். எழுதியவருக்கே அதன் அர்த்தம் இப்போதுதான் விளங்கிற்று.

திண்ணையில் உட்கார்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த கிழவி, பால்காரருடைய தாயார், அப்போதுதான் வாயைத் திறந்தாள். 1991-ல் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களில் அவளும் ஒருத்தியாம். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்களாம். பிறகு அதுவே பிடித்துப் போயிற்றாம். முன்னால் உள்ள கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

“ஊரே சிரிச்சுச்சு, தம்பி. கண்மாய்க் கரையிலே விழுந்தேன், வாய்க்கால்லே விழுந்தேன். இவனைக் கம்பியிலே வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு மிதிச்சிருக்கேன். முந்தானையை இழுத்துச் செருகாம ஏறாதேன்னு எங்களுக்கு முதல்லே சொல்லிக் கொடுத்தாங்க. நான் விழுந்ததுக்கு ஒருத்தரும் சைக்கிளை உத்தரத்திலே கட்டலை.” மகனை நோக்கித் திரும்பினாள். “ஏன்டா, ஆம்பளை நீ இருட்டிலே போயிட்டு வர்றே. உன் சைக்கிளை யாரு கட்டினா?”

பால்காரர் பதில் சொல்லவில்லை. சைக்கிளைத் தொழுவத்துக்குள் உருட்டிக்கொண்டு போனார். கயிறு மட்டும் உத்தரத்தில் தொங்கிற்று.

இருட்டில் சைக்கிளில் திரும்ப நமக்குத் துணிவு வரவில்லை. காவல்காரரின் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுக் கடைசிப் பஸ்ஸில் ஏறினோம். பிள்ளைகளை அனுப்பிய நேரத்தில் நம்மால் போக முடியவில்லை என்பதைப் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்தோம்.

விடுமுறை முடிந்ததும் செய்தவை சொற்பம். விசேஷ வகுப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினோம். உபாத்தியாயர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சிவப்பு வில்லைகளும் மஞ்சள் வில்லைகளும் வாங்கினோம். சைக்கிள் கடைக்காரர் ஒரு பிற்பகல் பள்ளிக்கு வந்து பிரேக்குகளைப் பார்த்துக் கொடுத்தார். ஹாண்டிலில் சாப்பாட்டுப் பை தொங்கவிடுவதை நிறுத்தினோம். அது முன் சக்கரத்தில் சிக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே ஆளைக் கவிழ்க்கும். விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கப் பழக்கினோம். ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு போகும் வழக்கம் ஊர்ப் பாதையோடு நிற்க வேண்டும், பெரிய சாலையில் ஒருவர் பின் ஒருவராகவே போக வேண்டும், நிதானமாக ஓட்டுகிறவர் கடைசியில் வர வேண்டும் என்று பிள்ளைகளே தீர்மானம் செய்தார்கள்.

தார் விளிம்புப் பள்ளத்தைப் பற்றியும், வளைவுப் புதரைப் பற்றியும், ஊர்ப் பிரிவில் ஒரு விளக்கு வேண்டும் என்றும் உரிய இடத்துக்கு மனு எழுதினோம். முதல் கையெழுத்து பால்காரருடையது. இரண்டாவது அவர் தாயாருடையது, அறிவொளியில் கற்ற எழுத்து. புதரை ஊரார் தாங்களே வெட்டிவிட்டார்கள். பள்ளம் இன்னும் இருக்கிறது, விளக்கும் வரவில்லை. இரண்டாவது மனு போயிருக்கிறது, மூன்றாவதும் போகும்.

தை மாதக் கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் கட்டுப் பிரித்தார்கள். மாசி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, பள்ளி வாசலில் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் நாம் நின்றுகொண்டிருந்தோம். ஏழு சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஐந்தாவது அவளுடையது. ஏழாவதற்கு இருபது கஜம் பின்னால் இரண்டு பால் கேன்கள் ஆடிக்கொண்டு வந்தன.

“டவுன்லே ஒரு வேலை இருந்துச்சு, ஸார்” என்றார் பால்காரர்.

பால் ஊற்றும் வேளை விடியற்காலையிலேயே முடிந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். கேன்கள் காலி என்பதும் அவை போட்ட சத்தத்திலிருந்து தெரிந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் அவருக்கு டவுனில் வேலை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. அந்த வாரம் முழுவதும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஏழு சைக்கிள்கள் வந்தன. பின்னால் ஒருவரும் வரவில்லை. “அப்பா எங்கே அம்மா?” என்று கேட்டோம்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டணுமாம் ஸார், வரலைன்னுட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே, மணி அடிப்பதற்குள் சைக்கிளை நிறுத்த ஓடிவிட்டாள்.